நவச்சாரம் முதல் வெடியுப்பு வரை: புதிய கடல்நீர்த் தொட்டியில் நுண்ணுயிர்கள் குடியேறும் முறை

புதிதாக அமைத்த கடல்நீர் மீன்தொட்டி மிகத் தூய்மையாகத் தோன்றுவது முதல் சில நாள்களில்தான். மீன்கள் மிகுதியாக மடிவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வது ஏன் என்பதை மெர்கோங்கில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் பேசினோம். அவ்வுரையையே சற்று விரித்து ஈண்டு எழுதுகிறோம். மொழியியல் பயின்றவர்க்கு மீன்தொட்டியில் என்ன வேலை என்று கேட்போர் உளர். தொட்டியில் மீன் சாவதற்குக் காரணமான பிழைகளுள் பாதி, சொல்லிலிருந்து பிறப்பவை என்பதே நம் விடை.

அச்சொல் ‘கிருமி’. வடமொழியில் அது புழுவைக் குறித்தது. தமிழிலும் நெடுங்காலம் அவ்வாறே வழங்கியது. நோய்க்குக் காரணமான நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு பரவியபோது, அப்பழைய சொல் அவற்றின்மேல் ஏறிக்கொண்டது. கிருமி என்றால் நோய், கிருமிநாசினி என்றால் நலம் என்று நம் பிள்ளைகள் கற்கின்றனர். ‘நுண்ணுயிர்’ என்னும் சொல்லுக்கு அத்தகைய பகைமை இல்லை. பாடநூல்கள் அதனையே ஆள்கின்றன; நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் உண்டு என்று தாப்பாய், ரொட்டி ஆகியவற்றைக் காட்டி விளக்குகின்றன. எனினும் மீன் செத்த தொட்டிக்கு முன் நிற்கும்போது ஆசிரியரின் நினைவுக்கு முதலில் வருவது பாடநூற் சொல் அன்று, வீட்டுச் சொல்லே. ‘கிருமி சேர்ந்துவிட்டது’ என்று நீரையெல்லாம் கொட்டி, கல்லையும் மணலையும் குளோரின் கரைசலால் கழுவி, வெயிலில் உலர்த்தி, மீண்டும் நீர் நிரப்புகின்றனர். அடுத்த மீனும் சாகிறது. உண்மையில் அத்தொட்டியில் நுண்ணுயிர் மிகுந்து மீன் சாகவில்லை. இருக்கவேண்டிய நுண்ணுயிர் இல்லாமையால் செத்தது.

மீன் தான் உண்ட புரதத்தின் கழிவை அம்மோனியாவாகப் பெரிதும் செவுள் வழியே வெளியேற்றுகிறது. கடலில் அது எண்ணத்தகாத அளவு நீரில் கலந்துபோகும். நாற்பது லிட்டர் தொட்டியில் போக்கிடம் இல்லை. மீந்த இரை அழுகும்போதும் அம்மோனியாவே பிறக்கிறது. அம்மோனியாவின் நெடியைக் கெடாவின் தோட்டப்புறத்தார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. மரத்திலிருந்து எடுத்த ரப்பர்ப் பாலில் நுண்ணுயிர்கள் பெருகினால் அது புளித்து உறைந்துவிடும். அதைத் தடுக்கவே பாலில் அம்மோனியா சேர்த்தனர். பால் நிறுக்கும் இடத்தில் கண்ணைக் கரிக்கச் செய்த மணம் அதுவே. அங்கே நுண்ணுயிரை அடக்கும் பொருள், மீன்தொட்டியில் வேறொரு வகை நுண்ணுயிருக்கு உணவாகிறது. நன்மை தீமை என்பன பொருளில் மட்டும் இல்லை. எவ்வுயிருக்கு, எவ்வளவு என்பதையும் பொறுத்தவை.

கடல்நீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியினும் இடர் மிக்கது என்பதற்கும் இங்கேயே காரணம் உண்டு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் நிற்கிறது. மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் மீனை அவ்வளவாக வருத்துவதில்லை. மின்னூட்டமற்ற அம்மோனியா செவுளைத் தாக்குகிறது. பிஎச் மதிப்பு 7 ஆன நன்னீரில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பிஎச் 8.2 ஆன கடல்நீரில், நம் நாட்டு 28 பாகை வெப்பத்தில், அது நூற்றில் எட்டு முதல் பத்துப் பங்கு வரை உயர்ந்துவிடும். ஆகவே நன்னீர்த் தொட்டியில் மீன் பொறுத்துக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா கடல்நீர்த் தொட்டியில் அதனைக் கொன்றுவிடலாம். மேற்பரப்பில் வாய் பிளந்து மூச்சுக்குத் தவிப்பதும் செவுள் சிவந்து தோன்றுவதும் அதன் அறிகுறிகள்.

அம்மோனியா என்னும் சொல் ஐரோப்பியரிடமிருந்து வந்தது. பொருளோ நமக்குப் பழையது. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் சூடான பாத்திரத்தில் வெண்ணிறப் பொடியொன்றைத் தேய்ப்பர். வெண்புகை எழும், மூக்கு எரியும். அப்பொடி நவச்சாரம். வேதியியலார் அதனை அம்மோனியம் குளோரைடு என்பர். எகிப்தியத் தெய்வமாகிய அம்மோனின் பெயரால் மேலைநாட்டார் அழைத்த உப்பும் இதுவே. அதிலிருந்துதான் அம்மோனியா என்னும் பெயர் பிறந்தது. இனி, நுண்ணுயிர்கள் தம் வேலையை முடித்தபின் தொட்டியில் எஞ்சுவது நைட்ரேட். அதற்கும் நம்மிடம் பழம்பெயர் உண்டு: வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டே. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய மண்ணிலும் பழஞ்சுவர்களிலும் பூக்கும் அவ்வுப்பைச் சுரண்டிக் காய்ச்சி எடுத்தனர். மாட்டின் சிறுநீரிலிருந்து பிறந்த அம்மோனியாவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் வெடியுப்பாக்கியிருந்தன. காய்ச்சியவர்க்கு அது தெரியாது. நவச்சாரத்தின் பக்கம் தொடங்கி வெடியுப்பின் பக்கம் முடியும் பயணமே தொட்டியில் நிகழ்வதும். இரு முனைகளுக்கும் தமிழில் பெயர் இருந்தது. நடுவில் நிற்கும் நைட்ரைட்டுக்கு மட்டும் பெயர் இல்லை. தங்காமல் கடந்துபோகும் பொருளுக்கு யார் பெயர் வைப்பார்?

இந்த நைட்ரைட்டும் நைட்ரேட்டும் மாணவர்க்குப் பெருந்தொல்லை. எழுத்தில் கொம்பின் வேறுபாடு மட்டுமே. ஒலியில் ஐகாரமும் ஏகாரமும். இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழியில் நிட்ரிட், நிட்ராட் என்று மீண்டும் ஒரு முறை கற்க நேர்கிறது. ஈற்றை மாற்றி உயிர்வளியின் அளவைக் காட்டும் இம்முறை 1787-இல் லவாசியேவும் அவர்தம் துணைவரும் பிரெஞ்சு மொழியில் வகுத்த பெயரிடு முறை. அம்மொழியில் ஈறுகள் தெளிவாக வேறுபடும். தமிழுக்கு வந்தபோது வேறுபாடு தேய்ந்தது. இவற்றைத் தமிழாக்க முயல்வதைவிட, ‘நைட்ரைட்டில் உயிர்வளி இரண்டு, நைட்ரேட்டில் மூன்று’ என்று வகுப்பில் ஒரு முறை சொல்லிவிடுவதே மேல் என்பது நம் கருத்து. கலைச்சொல்லாக்கத்தில் பல்லாண்டு கழித்தபின் இதைச் சொல்கிறோம். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

அம்மோனியாவை நைட்ரேட்டாக்குவது உயிர்களின் வேலை என்பதை மெய்ப்பித்த ஆய்வை ஆசிரியர்கள் வகுப்பில் கதையாகவே சொல்லலாம். 1877-இல் பிரான்சு நாட்டில் சுலோசிங், முண்ட்சு என்னும் இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயின் வழியே கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாள் ஒன்றும் நிகழவில்லை. நுழைந்த அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றியது. அம்மோனியா குறைந்து மறைந்தது. வெறும் வேதிவினையாயின் முதல் நாளே நிகழ்ந்திருக்கவேண்டும். இருபது நாள் எதற்கு? பின்னர்க் குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தினர். நைட்ரேட் உண்டாவது நின்றது. சிறிது மண் கரைத்த நீரை ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. அக்குழாயில் மீன் இல்லை; அதைத் தவிர, இன்று நாம் அமைக்கும் தொட்டியின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. காத்திருப்பு, குடியேற்றம், நஞ்சினால் அழிவு, மறுவிதைப்பு என நான்கையும் காணலாம்.

அவ்வுயிரைத் தனியே பிரித்தெடுக்க மேலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சூரிக்கில் பணியாற்றிய இரசியரான செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890-இல் அதில் வெற்றி பெற்றார். மற்றவர் தோற்றதற்குக் காரணம், எல்லா நுண்ணுயிரும் ஊட்டமான கூழை விரும்பும் என்று நினைத்தமையே. வினோகிராட்ஸ்கி கூழை நீக்கினார். இவ்வுயிர்கள் சர்க்கரையையோ புரதத்தையோ நாடுவதில்லை. அம்மோனியாவை உயிர்வளியோடு சேர்த்து அதில் பிறக்கும் ஆற்றலால் வாழ்கின்றன. உடலுக்கு வேண்டிய கரியைக் கரிவளியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது நைட்ரோசோமோனாஸ், அதனை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர் என்று நூறாண்டுக்கும் மேலாகப் பாடநூல்கள் எழுதின. மீன்தொட்டியைப் பொறுத்தவரை இது முழு உண்மை அன்று. 1998-இல் வெளிவந்த ஆய்வு, நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா வகையே என்று காட்டியது.

கடல்நீர்த் தொட்டிக்கு உரிய பெருஞ்செய்தி 2005-இல் வந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடல்வாழ் உயிர்க்காட்சியகத்தின் வெப்பமண்டலத் தொட்டி ஒன்றில் கிடந்த சரளைக் கற்களிலிருந்து, அம்மோனியாவை உண்ணும் புதிய உயிரொன்றைப் பிரித்தெடுத்தனர். அது பாக்டீரியாவே அன்று. கார்ல் வூஸ் 1977-இல் தனிக்குலம் என்று பிரித்துக்காட்டிய ஆர்க்கியா வகையைச் சேர்ந்தது. அதற்கு நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயரிட்டனர். புமிலஸ் என்பது இலத்தீனில் குள்ளன். மாரிட்டிமஸ் கடலைச் சார்ந்தது. ‘நைட்ரைட் ஆக்கும் கடற்குள்ளன்’ என்று மாணவர்க்குச் சொல்லலாம். அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு. உலகக் கடல்களில் மிகுதியாக வாழும் உயிர்களுள் இவ்வினமும் ஒன்று என்று பின்னர்த் தெரிந்தது. கடலெங்கும் நிறைந்திருந்த உயிர் முதன்முதலில் அகப்பட்டது கண்ணாடித் தொட்டியின் கூழாங்கல்லில்! ஆதலின் ‘நன்மைசெய் பாக்டீரியா’ என்னும் வழக்கைவிட ‘நன்மைசெய் நுண்ணுயிர்’ என்பதே பொருத்தமானது. பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் அதனுள் அடங்கும்.

இவை எங்கே வாழ்கின்றன? நீரில் அன்று. பெரும்பாலும் கல், மணல், பவளத்துண்டு, வடிகட்டியின் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் மெல்லிய பசைப்படலமாக ஒட்டி வாழ்கின்றன. ஆகவே நீரை மாற்றினால் அவை போய்விடுவதில்லை. பஞ்சைக் குழாய்நீரில் அலசினால் போய்விடும். அவை பெருகும் வேகமும் மிகக் குறைவு. நோய் நுண்ணுயிர்கள் சில இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். அம்மோனியாவை உண்பவை ஒரு முறை இரட்டிக்க அரை நாள் முதல் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். உணவிலிருந்து அவை பெறும் ஆற்றல் அவ்வளவு சிறிது. நான்கு முதல் ஆறு வாரம், சிலபோது எட்டு வாரம் காத்திருக்கச் சொல்வது இதனாலேயே. ஒரு சிறப்புச் செய்தி: முதல் வாரத்தில் நீர் பாலாடை போல் வெளுத்தால் அஞ்ச வேண்டா. அழுகும் பொருளை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுவதன் அடையாளம் அது. தானே தெளியும். அதைக் கண்டு நீரைக் கொட்டுவோர் பலர்.

இக்காத்திருப்பை ஆங்கிலத்தார் சுழற்சி என்னும் பொருளில் அழைக்கின்றனர். நம் அடுக்களையில் அதைவிடப் பொருத்தமான இரண்டு சொற்கள் இருக்கின்றன. புதிய மண்சட்டியை உடனே உலையேற்றுவார் இல்லை. நீரில் ஊறவைத்து, கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் காய்ச்சிச் சட்டியைப் ‘பழக்குவர்’. தொட்டியையும் பழக்குதல் வேண்டும். மற்றொரு சொல் ‘உறை’. பாலில் ஒரு கரண்டி மோரை ஊற்றுவது நுண்ணுயிர் விதைப்பே. கிருமி என்னும் சொல் நோய்க்கு உரியதாகும் முன்பே நம் தாய்மார் அதைச் செய்துவந்தனர். நன்கு பழகிய கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி சரளையோ ஒரு துண்டுப் பஞ்சோ ஈரம் உலராமல் கொண்டுவந்து புதிய தொட்டியில் இட்டால் அதுவே உறை. காத்திருக்கும் நாள் பெரிதும் குறையும். நன்னீர்த் தொட்டியின் பஞ்சு இதற்கு உதவாது. அதன் உயிர்கள் உப்பு மிகுதியைத் தாங்கா. ‘உறை’ என்று கடையில் புட்டியில் விற்பவை சில பயன்படுகின்றன, சில பயன்படுவதில்லை. பவளக்கல்லே சிறந்த உறை என்று எண்ணிப் புலாவ் பாயாரிலோ லங்காவிக் கரையிலோ கல் பெயர்க்க எவரும் முனைய வேண்டா. புலாவ் பாயார் கடற்பூங்கா. அங்கிருந்து பவளம் எடுத்தல் சட்டப்படி குற்றம்.

செய்முறைக்கு வருவோம். குவாலா கெடா நமக்கு அண்மையில் இருப்பினும் அங்கிருந்து கடல்நீர் மொண்டு வருவதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஆற்றுமுகத்து நீரில் உப்பின் அளவு மழைக்கும் ஓதத்திற்கும் ஏற்ப மாறும், சேறு மிகுதி, நெல்வயல்களின் வடிநீரும் படகுகளின் எண்ணெயும் கலந்திருக்கும். கடையில் கிடைக்கும் கடலுப்புக் கலவையை, குளோரின் நீக்கிய குழாய்நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைப்பது நன்று. சமையலுப்பு போதாது, கடல்நீரில் சுண்ணம், மக்னீசியம் முதலிய பிறவும் உண்டு. உவர்மானியில் அடர்த்தி 1.023 முதல் 1.025 வரை நிற்கவேண்டும். வடிகட்டியும் காற்றுப் பம்பும் இரவும் பகலும் ஓடட்டும். ஒரு கிராம் அம்மோனிய நைட்ரஜனை நைட்ரேட்டாக்க ஏறத்தாழ நான்கரை கிராம் உயிர்வளி வேண்டும் என்பது கணக்கு. குமிழிகள் அழகுக்காக அல்ல.

மீனை இட்டு அதன் கழிவால் தொட்டியைப் பழக்குவது பழைய வழக்கம். மீன் படும் துன்பத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அம்முறையை வகுப்பறையில் பின்பற்றுவது தகாது. மீனுக்குப் பகரமாக நவச்சாரமே போதும். ஆய்வகத்துத் தூய அம்மோனியம் குளோரைடு கால் கிராம் எடுத்து நாற்பது லிட்டர் நீரில் இட்டால், லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். பழைய ஈயப் பூச்சுக்காரரிடம் வாங்கியது வேண்டா. அதில் வேறு உலோகம் கலந்திருக்கக்கூடும். அதுவும் கிடைக்காவிடில் சந்தையில் வாங்கிய பச்சை இறால் ஒன்றைத் துணியில் முடிந்து தொங்கவிடலாம். நாற்றம் எழும், மாணவர் நினைவில் பாடமும் நிற்கும்.

இதன்பின் செய்யவேண்டுவது அளப்பதும் எழுதுவதும். மூன்று சோதனைக் குப்பிகளை வாங்கி, இரண்டு நாளுக்கு ஒரு முறை மூன்று அளவுகளையும் மாணவர்களே பதியட்டும். முதலில் அம்மோனியா மட்டும் தெரியும். வண்ண அட்டையில் பச்சை. பத்துப் பன்னிரண்டு நாளளவில் அது இறங்கத் தொடங்க, நைட்ரைட் ஏறும். சோதனைநீர் ஊதா நிறம் கொள்ளும். இந்த ஊதா வாரக்கணக்கில் அசையாமல் நிற்பதுண்டு. ஆசிரியர் பலர் பொறுமை இழப்பது இங்கேதான். நைட்ரைட் நன்னீர் மீனின் குருதியைப் பழுப்பாக்கி மூச்சைத் தடுப்பது. கடல்நீரில் உள்ள குளோரைடு அது செவுளில் நுழைவதைத் தடுப்பதால் அங்கே அதன் கொடுமை குறைவு. எனினும் அது நிற்கும்வரை இரண்டாம் குடியேற்றம் முடியவில்லை என்பது பொருள். பின்னர் ஒரு நாள், பெரும்பாலும் திடீரென, ஊதா மறையும்; நைட்ரேட் மட்டும் நிற்கும். அப்போதும் மீனை வாங்க விரைதல் வேண்டா. மீண்டும் அதே கால் கிராமை இட்டு மறுநாள் அளக்க. இருபத்துநான்கு மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சுழியமாயின், தொட்டி பழகிவிட்டது. மூன்று அளவுகளையும் ஒரே வரைபடத்தில் ஏறி இறங்கும் மூன்று கோடுகளாக வரைந்தால், கணிதப் பாடத்திற்கும் அது பயன்படும்.

அதன்பின் நீரில் பாதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்து, சிறிய மீன் ஒன்றை மட்டும் விடுக. நுண்ணுயிரின் தொகை கிடைக்கும் உணவின் அளவுக்கே நிற்கும். ஒரே நாளில் ஐந்து மீன் சேர்த்தால் அம்மோனியா மீண்டும் ஏறும். அடுத்த மீனுக்கு இரண்டு மூன்று வாரம் கழியட்டும். மீனுக்கு நோய் கண்டால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொட்டியில் ஊற்றாமல், தனிக் கலத்தில் வைத்து மருத்துவம் செய்க.

நைட்ரேட் எங்கே போகும் என்று அவையில் மாணவி ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சுங்கை மெர்போக் கழிமுகத்துக் கண்டல் காட்டில், உயிர்வளி புகாத கருஞ்சேற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள உயிர்வளியைத் தாம் எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வளியாக வானில் விடுகின்றன. அங்கே வட்டம் நிறைவெய்துகிறது. நம் சிறு தொட்டியில் அத்தகைய ஆழ்சேறு இல்லை. ஆகவே சேற்றின் வேலையை வாளி செய்யவேண்டும்: இரு வாரத்திற்கு ஒரு முறை பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு நீரை எடுத்து, அதே உப்பளவில் புதுநீர் ஊற்றுக. எடுத்த பழைய நீரைக் கொட்டும் முன் வடிகட்டிப் பஞ்சை அதிலேயே பிழிந்து அலசிவிடலாம். அழுக்கு போகும், படலம் தங்கும்.

பள்ளித் தொட்டிக்கு இன்னொரு தனி இடர் விடுமுறை. பள்ளி மூடும் நாளில் மின்விசைகளை எல்லாம் அணைப்பது நல்ல வழக்கமே. ஆனால் பம்பு நின்ற சில மணி நேரத்திலேயே மூடிய வடிகட்டிக்குள் உயிர்வளி தீர்ந்து படலம் மடியத் தொடங்கும். ஒரு வாரம் கழித்துப் பம்பை முடுக்கினால் செத்த படலமெல்லாம் மீன்மேல் வந்து கொட்டும். பம்பின் சொடுக்கியில் ‘அணைக்க வேண்டா’ என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுக. நெடுவிடுமுறையில் மீன்களை ஆசிரியர் வீட்டுக்குக் கொண்டுசென்றால், வெறுந்தொட்டியில் நாலைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் இரை இடுமாறு காவலரிடம் சொல்லிவைக்க வேண்டும். மீனில்லாத தொட்டிக்கு இரை எதற்கு என்று அவர் கட்டாயம் கேட்பார். விடை சொல்ல இப்போது மாணவர்களே போதும்.